ஒரு தாய், மூன்று ஆலயங்கள், ஓர் இருப்புப் பாதை

ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஞானலிங்கேச்சுரர், பிரான்ஸின் தலைநகரான பாரிஸில் மாணிக்க விநாயகர். மூன்று நாடுகளில், இரண்டு மொழிகள் வழங்கும் ஊர்களில், தமிழர் எழுப்பி வழிபடும் திருக்கோயில்கள் இவை. மூன்று நகரங்களையும் இணைப்பது இருப்புப் பாதை. காலையில் ஓர் ஊரில் ரயிலேறினால் மாலைக்குள் அடுத்த ஊரில் தரிசனம் செய்துவிடலாம்.

எனினும், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பா செல்லும் குழுச் சுற்றுலாக்களில் இந்த ஆலயங்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஈஃபிள் கோபுரமும் பனிமலைச் சிகரமும் காட்டிப் பத்து நாட்களில் திருப்பி அழைத்து வருவதே அவற்றின் நோக்கம். ஆலய தரிசனத்தையும் உறவினர் வீடுகளையும் சேர்த்துப் பயணம் செய்ய விரும்புவோர், பயணத் திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி வகுக்கும் குடும்பங்கள் இன்று பல உண்டு. 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையைவிட்டு வெளியேறிய தமிழர், அடைக்கலம் கிடைத்த நாட்டில் தங்கினர். ஒரே வீட்டில் பிறந்தவர்கள் வெவ்வேறு நாடுகளில் வேரூன்றினர். இவர்களுடைய பெற்றோர் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். அத்தகைய ஒரு தாயை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மூத்த மகன் ஹம் நகரில், மகள் பெர்னில், இளைய மகன் பாரிஸில். மூவர் வீட்டிலும் தங்க வேண்டும். ஹம் அம்பாளின் தேரையும் பாரிஸ் பிள்ளையாரின் தேரையும் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உள்ள அந்த வயதில், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது எளிதன்று. ஆகவே திட்டம் ஒரே முறையில் சரியாக அமைய வேண்டும்.

முதலில் நாட்கணக்கு

ஐரோப்பிய ரயில் பயணத்துக்கான திட்டம் ரயிலில் தொடங்குவதில்லை, விசாவில் தொடங்குகிறது. ஷெங்கன் உடன்பாட்டில் இப்போது 29 நாடுகள் உள்ளன. ஜெர்மனியும் பிரான்ஸும் அவற்றில் அடங்கும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் அன்று. ஆயினும் ஷெங்கன் உடன்பாட்டில் இருக்கிறது. எனவே மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா போதும். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேரா. அங்கும் செல்ல விரும்புவோர் தனி அனுமதி பெற வேண்டும்.

குறுகிய கால விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் இக்கணக்கில் சேரும். இந்த 90 என்பதும் உச்ச வரம்பே; தூதரகம் அதைவிடக் குறைவான நாட்களும் வழங்கலாம். கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவில் எத்தனை நாட்கள் என்று அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுவே இறுதி. விசா கைக்கு வந்தவுடன் அந்த எண்ணைப் பார்த்த பிறகே பயணச்சீட்டுகளை உறுதி செய்தல் நலம்.

ஹம் காமாட்சி அம்பாளின் தேர்த் திருவிழா வழக்கமாக மே அல்லது ஜூன் மாதத்தில் வருகிறது. பாரிஸ் பிள்ளையாரின் ஊர்வலம் விநாயக சதுர்த்தியை ஒட்டி, ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ நிகழ்கிறது. இரண்டு தேதிகளையும் அந்தந்த ஆலயத்தாரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்த பின்பே மற்றவற்றை நிரப்ப வேண்டும். ஜூன் 15 அம்பாள் தேர், ஆகஸ்ட் 30 பிள்ளையார் ஊர்வலம் என்று வைத்துக்கொண்டால், ஜூன் 12-இல் வந்திறங்கி செப்டம்பர் 2-இல் புறப்படும் தாய் தங்கும் நாட்கள் 83. இரண்டு திருவிழாவும் கிட்டும். 7 நாட்கள் கையிருப்பாக மீதமிருக்கும்.

மாறாக, மூத்த மகனுடன் கூடுதலாக இரண்டு வாரம் இருக்கட்டுமே என்ற அன்பினால் மே 29-ஆம் தேதியே அவரை அழைத்துவிட்டால், 90-ஆம் நாள் ஆகஸ்ட் 26-இல் வந்துவிடும். பாரிஸ் தேரைப் பார்க்காமலே விமானம் ஏற வேண்டியதுதான். அனுமதித்த நாட்களைக் கடந்து தங்கினால் அடுத்த முறை நுழைவே மறுக்கப்படலாம். பிள்ளைகள் மூவரும் தொலைபேசியில் தனித்தனியே பேசித் தேதி குறிக்காமல், ஒரே தாளில் எழுதி மூவரும் பார்த்து ஒப்புக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்ற ஐயம் அடுத்து எழும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறாரோ, அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஹம் நகரில் 24 இரவு, பெர்னில் 26 இரவு, பாரிஸில் 32 இரவு என்று அமைந்தால், வந்திறங்குவது ஜெர்மனியில் என்றாலும் விண்ணப்பம் பிரான்ஸுக்கே உரியது. அப்போது பாரிஸில் உள்ள மகன், தம் பகுதி நகரமன்ற அலுவலகத்தில் விருந்தினரை வீட்டில் தங்க வைப்பதற்கான சான்றினைப் பெற்று அனுப்ப வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க இயலாது. மருத்துவச் செலவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடும் கட்டாயம். முன்பே உள்ள நோய்களுக்கு அக்காப்பீடு பொருந்துமா என்பதைப் பத்திரத்தில் படித்தறிந்து வாங்குவது முதியோருக்கு மிக முக்கியம்.

பாஸா, தனிச்சீட்டா?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென 1959 முதல் வழங்கப்படுவது யூரெயில் பாஸ். இன்று 33 நாடுகளில் அது செல்லும். ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் பயணம் செய்யும் வகையும், தொடர்ந்து பயணம் செய்யும் வகையும் உண்டு. 60 வயது நிறைந்தோருக்குச் சலுகை உண்டு. பெரியவர் ஒருவருடன் 12 வயதுக்குட்பட்ட இரு குழந்தைகள் கட்டணமின்றிச் செல்லலாம். ஆகவே, இரண்டு வாரத்தில் பல ஊர்களைக் காண விரும்பும், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பாஸ் ஏற்றது.

மேற்சொன்ன தாய்க்கு அது தேவையில்லை. அவருக்கு நெடும்பயணம் மூன்றே; அவற்றின் இடையே வாரக்கணக்கில் இடைவெளி. இத்தகையோருக்கு, பல வாரங்களுக்கு முன்பே வாங்கும் சலுகைச் சீட்டே சிக்கனம். பாஸ் வாங்கினாலும் செலவு அதோடு முடிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிரான்ஸின் டி.ஜி.வி. அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம்; அதற்குத் தனிக் கட்டணம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் முதியவரோடு செல்கையில் ஜெர்மானிய விரைவு ரயிலில் சிறு தொகை செலுத்தி இருக்கையை உறுதி செய்துகொள்வதே விவேகம்.

மலிவான சலுகைச் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஆயினும் இடையில் வண்டி மாறும் பயணம் முழுவதையும் ஒரே சீட்டாக வாங்கியிருந்தால், முதல் வண்டி தாமதித்து இரண்டாவது தவறினாலும் அடுத்த வண்டியில் செல்லும் உரிமை உண்டு. இரண்டு தனிச் சீட்டுகளாக வாங்கியவர் இப்பாதுகாப்பை இழக்க நேரிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேருமிடத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து அடைந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணிக்கு மேல் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கோரலாம். புயல் போன்ற சில இயற்கை இடர்கள் இதற்கு விலக்கு.

தாமதம் என்பது வெறும் அச்சமன்று. ஜெர்மானிய ரயில் நிமிடம் தவறாது என்பது பழைய நம்பிக்கை. 2024-இல் அந்நாட்டின் நெடுந்தூர ரயில்களில் குறித்த நேரத்தில் வந்தவை 62.5 சதவீதமே. ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமலே இந்த நிலை. சுவிட்சர்லாந்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட ரயில்கள் நேரம் தவறுவதில்லை. எனவே ஜெர்மனியில் வண்டி மாறுமிடத்தில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுவிட்சர்லாந்தில் கால் மணியும் போதலாம். அங்கு 1982 முதல் நாடு முழுவதும் ஒரே ஒழுங்கில் கால அட்டவணை அமைந்துள்ளது. ஒரு வண்டி தவறினாலும் அடுத்தது அரை மணியிலோ ஒரு மணியிலோ வந்துவிடும்.

ஹம்: அடைக்கலம் தந்த ஊரில் அம்பாள்

விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. விமான நிலையத்திலேயே நெடுந்தூர ரயில்களுக்கான நிலையம் உண்டு. அங்கிருந்து கொலோன் வழியாக ஹம் செல்லலாம். ஹம் பெரிய ரயில் சந்திப்பு. ரைன், ரூர் பகுதிகளிலிருந்து இரு வழியாக வரும் ஐ.சி.இ. வண்டிகள் இங்கு ஒன்றாக இணைக்கப்பட்டு பெர்லின் நோக்கிச் செல்கின்றன. எதிர்த்திசையில் வருபவை இங்கேயே இரண்டாகப் பிரிகின்றன. பெர்லினிலிருந்து இவ்வழியே திரும்புவோர், தாம் அமர்ந்துள்ள பெட்டி எந்த ஊருக்குச் செல்லும் பகுதியைச் சேர்ந்தது என்பதை ஏறும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1980-களில் இலங்கையிலிருந்து வந்த அர்ச்சகர் ஒருவர், தம் இல்லத்தின் நிலவறையில் அம்பாளை வைத்து வழிபடத் தொடங்கியதே இன்றைய ஆலயத்தின் தொடக்கம். பின்னர் நகரின் ஊன்ட்ராப் பகுதித் தொழிற்பேட்டையில் நிலம் கிடைத்தது. உள்ளூர் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வரைபடம் வகுக்க, இந்தியச் சிற்பிகள் கோபுரத்தையும் சந்நிதிகளையும் அணிசெய்தனர். 2002 ஜூலை 7-ஆம் நாள் கும்பாபிஷேகம் நடந்தது. 17 மீட்டர் உயர ராஜகோபுரத்துடன், ஐரோப்பிய நிலப்பரப்பில் திராவிட முறையில் எழுந்த பெரிய கோயில்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான அன்பர்கள் வருகின்றனர். காவடிகளும் பாற்குடங்களும் தொழிற்சாலைச் சுவர்களின் ஓரமாகச் செல்கின்றன. தீர்த்தவாரிக்கு அருகிலுள்ள கப்பல் கால்வாயின் நீரே புனித தீர்த்தமாகிறது.

ஆலயம் ரயில் நிலையத்திலிருந்து வெகு தொலைவில், நகரின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது; பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்ல வேண்டும். தேரன்று தங்குமிடம் கிடைப்பது அரிது. உறவினர் இல்லாதோர் டார்ட்முண்ட் போன்ற அண்மை நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு ரயிலில் வரலாம்.

ரைன் நதிக்கரை வழியே

ஹம்மிலிருந்து பெர்ன் செல்லும் நாளே பயணத்தின் நீண்ட நாள். முதல் ஒன்றரை மணியில் ரைன் நதியின் பாலத்தைக் கடந்து வண்டி கொலோன் நிலையத்துக்குள் நுழையும். நிலைய வாசலிலேயே 157 மீட்டர் உயரத்தில் பேராலயம் நிற்கிறது. 1248-இல் தொடங்கிய திருப்பணி இடையில் முந்நூறு ஆண்டுகள் போல் நின்று, 1842-இல் மீண்டும் எழுந்து 1880-இல் நிறைவுற்றது. தலைமுறை தலைமுறையாகக் கோபுரத் திருப்பணி செய்த மரபில் வந்தவர்களுக்கு இந்தப் பொறுமையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகளை நிலையத்துப் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உள்ளே அமர்ந்து வரலாம்.

கொலோனிலிருந்து தெற்கே இரண்டு வழிகள் உள்ளன. 2002-இல் திறந்த அதிவேகப் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நேரம் மிச்சமாகும்; ஆனால் நதி தெரியாது. கோப்லென்ஸ், மைன்ஸ் வழியாகச் செல்லும் பழைய பாதையில் நேரம் கூடும். ஆனால் ரைன் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்கு விருந்தாகும். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2002-இல் அறிவிக்கப்பட்ட பகுதி அது. குன்றுதோறும் கோட்டை, சரிவெங்கும் திராட்சைத் தோட்டம், நதி வளையும் இடத்தில் லோரலை பாறை. தெற்கு நோக்கிச் செல்கையில் இடப்புறச் சாளரத்தில் இருக்கை கேட்டு வாங்க வேண்டும்; நதி அப்பக்கமே வருகிறது.

எல்லை நகரான பாசலில் ஓர் எச்சரிக்கை. அங்கு ஜெர்மானிய ரயில்வேயின் நிலையம் ஒன்று, சுவிஸ் ரயில்வேயின் நிலையம் ஒன்று என இரண்டு உள்ளன. இரண்டும் சுவிஸ் மண்ணிலேயே இருப்பதால் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து முதல் நிலையத்தில் இறங்கிவிடும் பயணிகள் உண்டு. பெர்ன் வண்டிக்கு மாற சுவிஸ் நிலையம் வரை செல்ல வேண்டும். ஊர்ப் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும்: ஆங்கிலத்தில் கொலோன், ஜெர்மன் பலகையில் கோல்ன், ஜெனிவாவே ஜெர்மன் மொழியில் கென்ஃப். சீட்டில் உள்ள பெயரையும் பலகையில் உள்ள பெயரையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதியோருக்கு இப்பயணத்தில் கடினமானவை படிகளும் பெட்டிகளும். சுமை தூக்குவோர் அங்கு கிடைப்பதரிது. ஒருவருக்கு ஒரு சக்கரப் பெட்டி, ஒரு தோள்பை என்பதே சரியான அளவு. சக்கர நாற்காலியோ, ஏற இறங்க உதவியோ வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்; ரயில்வே ஊழியர் கட்டணமின்றி உதவுவர். நடைமேடையில் ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருப்பார்கள். எந்தப் பெட்டி எங்கு நிற்கும் என்பதை அங்குள்ள படத்தில் பார்த்து அவ்விடத்தில் நின்றுகொண்டால், வண்டி வந்த பின் ஓட வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய நிலையங்களில் மட்டும் திறந்திருக்கும். தயிர் சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு ரயிலில் உண்ணத் தடையேதும் இல்லை.

பெர்ன்: ஒரே கூரையின் கீழ்

பெர்ன் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடங்களில் ஐரோப்பா சதுக்கம். நெடுஞ்சாலைப் பாலத்தின் அருகே, 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட 'சமயங்களின் இல்லம்' இருக்கிறது. இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய, அலவி சமயத்தவரின் வழிபாட்டிடங்கள் ஒரே கட்டடத்தில் அமைந்துள்ளன. அதற்குள் ஞானலிங்கேச்சுரர் திருக்கோயில். அங்கு வழிபாடு தமிழில் நடைபெறுகிறது, திருமுறைகள் ஓதப்படுகின்றன, பெண்களும் பூசை செய்கின்றனர். பெர்னில் வளரும் பேரப்பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மன் பேசுகிறார்கள். பாட்டியுடன் அவர்கள் தமிழில் சேர்ந்து பாடக்கூடிய இடம் அது.

பழைய நகரம் ஆரே நதியின் வளைவுக்குள் அடங்கியது. கூரையிட்ட நடைபாதைகள் நெடுக உள்ளதால் மழையிலும் முதியோர் உலாவலாம். பனிமலை காண விரும்புவோர் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்கு ரயிலிலேயே செல்லலாம். 1912 முதல் அந்த ரயில் ஓடுகிறது. ஆனால் இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் அவ்வுயரத்துக்குச் செல்லலாகாது. அவர்களுக்குத் தூன் ஏரிக்கரையே போதும். அங்கிருந்தும் சிகரங்கள் தெரியும்.

பாரிஸ்: தெருவெங்கும் தேங்காய்

பாசலிலிருந்து பாரிஸ் மூன்று மணி நேரம். வண்டி லியோன் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து டி வழித்தட நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம் வடக்கு நிலையம். வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் லா ஷப்பெல். தமிழ்ப் பெயர்ப் பலகைகள், புடைவைக் கடைகள், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் மளிகைகள். மாணிக்க விநாயகர் ஆலயம் 1985-இல் நிறுவப்பட்டு, இப்பகுதியிலேயே பஜோல் வீதியில் இருக்கிறது. ஊர்வலத்தன்று வீதிகளில் தேங்காய்களைக் குன்றாகக் குவித்து, தேர் வருமுன் உடைக்கின்றனர். பிரெஞ்சுக்காரர்களும் ஓரத்தில் நின்று பிரசாதம் பெறுகின்றனர். கூட்டம் மிகும், முதியவரை காலையிலேயே அழைத்துச் சென்று, ஆலயத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நிழலுள்ள இடத்தில் அமர்த்துவது நல்லது. தேர் அவர் இருக்கும் வீதிக்கே வரும்.

ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள் விமானம். வடக்கு நிலையத்திலிருந்தே பி வழித்தட ரயில் விமான நிலையத்துக்குச் செல்கிறது. கையிருப்பிலுள்ள 7 நாட்களைச் செலவழித்து இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று இளைய மகனுக்குத் தோன்றும். ஆனால் அந்நாட்கள் உல்லாசத்துக்கு உரியவை அல்ல. திடீர்க் காய்ச்சல், ரயில் வேலைநிறுத்தம், விமான ரத்து ஆகியவற்றுக்காக ஒதுக்கியவை. அவற்றைத் தொடாமல் ஊர் திரும்பும் தாய்க்கு, உடலும் உள்ளமும் இடம் கொடுத்தால், மீண்டும் ஒருமுறை விசா கேட்கும் தகுதி குறையாமல் இருக்கும். அவருடைய கைப்பையில் மூன்று ஆலயத்து விபூதி குங்குமமும் இருக்கும்.